பின்னால் அலை இல்லை

நெட்டுக்குப்பம், எண்ணூர்
6.1.2025

திரு. விமல் அவர்களுக்கு,

கட்டிய புருஷனுக்கு இதென்ன மரியாதை என்று கேட்காதே. நம்பிக்கை இல்லாத ஆளுக்கு இப்படித்தான் எழுதுவார்கள்.

இனி உன்னோடு ஃபோனில் பேச மாட்டேன். நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஃபோனில் நீ குரலைத் தாழ்த்தி ‘நர்மு’ என்றால் போதும், கேட்க வந்ததை மறந்து தொலைக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் படிக்கிறேன் என்று மூன்று மாதம் நான் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போனாயே, போன இடத்தில் விமானிப் பரீட்சைக்கு அல்லவா படித்திருக்கிறாய்! மீனவப் பிள்ளைகளுக்கென்று அறக்கட்டளை கொடுக்கும் ஒரே இடம் உனக்குக் கிடைத்தது என்பது, நீ பெட்டி கட்டிய அன்றுதான் எனக்குத் தெரியும். கேட்டதற்கு, ‘கெடைக்கலன்னா உன் மூஞ்சில எப்டி முயிப்பேன், அதான் சொல்லல’ என்று கொஞ்சினாய். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் சிரித்திருக்கக் கூடாது.

நேற்று திருவொற்றியூரில் செல்லக்கனி அக்காவின் பெயின்ட் கடைக்குப் போனேன். உன்னோடு படிக்கும் ஜெரினின் அம்மாதான். என் வாயில் லட்டைத் திணித்துவிட்டு, “எம் புள்ள தனியா பிளேன் ஓட்டிட்டாம்லா! ஒன் வீட்டுக்காரரு இன்னும் ஓட்டலியாமே, ஏன் தாயி?” என்று கேட்டார். லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போன வாரம்தானே ஃபோனில் ‘எல்லாம் சூப்பரா போய்கினு கீது’ என்றாய்?

என் வேலை உனக்குத் தெரியும். யார்டு வாசலில் கன்டெய்னர் லாரி வந்து நின்றால், டிரைவர் சொல்வதும் பெட்டிக் கதவில் இருக்கும் சீல் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் வண்டி உள்ளே போகாது. சந்தேகம் வந்தால் நான் கத்த மாட்டேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். பொய் சொல்கிறவன் இரண்டாம் தடவை வழுக்குவான்.

நீயும் சொல். ஒரு நாள் விமானத்தில் என்னதான் செய்கிறாய் என்று முதலிலிருந்து இறங்கும்வரை எழுது. அங்கே உண்மையிலேயே விமானம் இருக்கிறதா என்றே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நர்மதா


பயிற்சி விடுதி
10.1.2025

நர்மு,

விமானம் இருக்கிறது, தாயே. இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம். இடப்பக்கம் நான், வலப்பக்கம் பயிற்சியாளர்.

காலையில் முதலில் அதைச் சுற்றி வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலைக் குப்பியில் பிடிப்போம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். எண்ணெய், டயர், இறக்கையின் கீல்கள், எல்லாம் பார்த்த பிறகுதான் ஏறுவோம். விசிறி சுழலப் போகிறது, ஒதுங்குங்கள் என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். தரையில் ஓடும்போது கையால் திருப்ப முடியாது. காலால் மிதித்துத்தான் திருப்ப வேண்டும். முதல் வாரம் அதற்கே திண்டாடினேன்.

வேகத்துக்கு த்ராட்டில் என்று ஒரு குமிழ் உண்டு. வலது கையில் இருக்கும். நம் படகு எஞ்சின் போல முறுக்குவது கிடையாது. தள்ளினால் வேகம், இழுத்தால் குறையும். முழுக்கத் தள்ளி ஓடுபாதையில் நேராக ஓட்டினால், வேகம் சேர்ந்ததும் இடது கையில் இருக்கும் ஸ்டீயரிங்கை மெல்ல இழுத்தாலே மூக்கு கிளம்பும். மேலே ஏறி, இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் போய், மறுபடி இரண்டு திருப்பம் திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே வந்து நிற்கும். இந்தச் சுற்றையேதான் மறுபடி மறுபடி பறக்கிறோம்.

இறங்குவதுதான் வித்தை. தரை நெருங்கியதும் த்ராட்டிலை இழுத்து மூடிவிட வேண்டும். மூக்கை மெல்லத் தூக்கி, தூக்கியது தூக்கியபடி பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேகம் தீர்ந்து விமானம் தானாக உட்காரும். பின்சக்கரங்கள் முதலில், மூக்குச் சக்கரம் கடைசியில். நான் அப்படித்தான் செய்கிறேன். சத்தியமாக அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் பயிற்சியாளர் என்னைத் தனியாக விட மறுக்கிறார். நான் கடைசி நொடியில் வேகம் கொடுத்து மூக்கை அமுக்குகிறேனாம். ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறார். இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு ஜெரின் மேல்தான் சந்தேகம். அவனும் அவரும் டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனதும் நிறுத்திவிடுவார்கள். ‘குப்பத்துப் பையன், முரட்டுக் கை’ என்று அவன் ஏதோ ஏற்றிவிட்டிருக்கிறான்.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் இதுதான். பிப்ரவரி 15ஆம் தேதிக்குள் நான் தனியாகப் பறக்காவிட்டால் அறக்கட்டளை என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். நான் பெட்டியோடு திரும்பி வர வேண்டியதுதான். இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

விமல்


நெட்டுக்குப்பம்
16.1.2025

திரு. விமல் அவர்களுக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. உன் அம்மா கன்னியம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

‘பயிற்சியாளர்’, ‘அவர்’, ‘சொல்கிறார்’. என்ன ஒரு மரியாதை! செல்லக்கனி அக்காவிடம் கேட்டேன். உன் பயிற்சியாளர் ஒரு பெண்ணாமே? ஜஸீமா மேடமாமே? முப்பது வயதுகூட இருக்காதாமே? ஒரு முழுக் கடிதத்தில் பெட்ரோல் குப்பி வரை எழுதிய உனக்கு, பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று எழுத இடமில்லையா?

அவர் பொய் சொல்கிறார் என்கிறாய். நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்கிறேன். நடுவில் ஜெரினை இழுக்கிறாய். யார்டில் மாட்டிக்கொண்ட டிரைவரும் இப்படித்தான், முதலில் கிளீனரைக் கை காட்டுவான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேற்று ஃபோன் செய்தேன். விமல் என்று ஒருவர் படிக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். படிக்கிறார் என்றார்கள். அது வரைக்கும் உண்மை.

அவர் உன்னைத் திட்டிய ஒரு நாளை எடுத்துக்கொள். இறங்கும்போது நடந்ததை மட்டும் எழுது. புத்தகத்தைப் பார்க்காதே. யோசித்து யோசித்து எழுதாதே.

நர்மதா


விடுதி
22.1.2025

நர்மதா,

ஃபோன் செய்தாயா? என்னைக் கேட்காமல் இங்கே ஃபோன் செய்தாயா? வேறென்ன சொன்னாய்? நான் கிளம்பும்போது, ‘மேல போனா நீ எறங்கி வர மாட்டே, எனக்குத் தெரியும்’ என்று அழுதவள்தானே நீ? உன் புருஷனைத் தனியாக விடாதீர்கள் என்று நீயே சொல்லிவைத்தாயா? எனக்கு இப்போது யாரை நம்புவது என்றே தெரியவில்லை. அங்கே நீ, இங்கே அந்த மேடம். ஆமாம், மேடம்தான். பெண் என்று எழுதினால் நீ இப்படித்தான் குதிப்பாய் என்று தெரிந்துதான் எழுதவில்லை.

கேட்டாயே, எழுதுகிறேன். இன்று காலை. காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. ஓடுபாதை எதிரே வந்தாயிற்று. தரை கிட்டே வரவர விமானம் தொய்ந்தது. அப்படியே விட்டிருந்தால் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்திருக்கும். சரியான நேரம் பார்த்து லேசாக ஒரு முறுக்கு, மூக்கை அமுக்கி, கச்சிதமாக ஏற்றிவிட்டேன். ஒரு குதி குதித்தது, அவ்வளவுதான். அதற்குள் மேடம், “கன்ட்ரோல் என்கிட்ட!” என்று பிடுங்கி, மறுபடி மேலே கொண்டுபோய்விட்டார்.

இறங்கியதும் சண்டை. “விமல், மறுபடியும் பவர் குடுத்தீங்க.”

“நான் குடுக்கவே இல்ல மேடம்.”

“என் கண்ணால பாத்தேன். நாளைக்கு உங்க கைக்கு நேரா ஒரு கேமரா வெக்கிறேன், நீங்களே பாருங்க.”

“என்ன மாட்டிவுடறதுக்கா?” என்று கேட்டேன். கேமரா வைத்தால் ஏற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி நடந்தார். போகும்போது ஜெரினைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீயே சொல், இதற்கு என்ன அர்த்தம்?

விமல்


நெட்டுக்குப்பம்
27.1.2025

திரு. விமல் அவர்களுக்கு,

மாட்டிக்கொண்டாய்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவதில், த்ராட்டில் முறுக்குவது கிடையாது, தள்ளுவது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இரண்டாவதில் ‘லேசாக ஒரு முறுக்கு’ என்கிறாய். முதலாவதில் வேகத்தை மூடிவிட்டு மூக்கைத் தூக்கிப் பிடிப்பேன் என்றாய். இரண்டாவதில் வேகம் கொடுத்து மூக்கை அமுக்கினேன் என்று உன் கையாலேயே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘நான் குடுக்கவே இல்ல மேடம்’ என்கிறாய். ‘ஏற்றிவிட்டேன்’ என்கிறாய். எதை எங்கே ஏற்றினாய்? விமானத்தை இறக்குவார்கள், ஏற்றுவார்களா?

என் அண்ணன் பொன்ராஜ் வந்திருந்தார். அவரிடம் அந்தப் பத்தியை மட்டும், விமானம், ஓடுபாதை, மேடம் என்ற சொற்களை விட்டுவிட்டு வாசித்துக் காட்டினேன், எதைப் பற்றி என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு, “இன்னா, மாப்ள படகக் கரையேத்துன கத எய்திகிறான்? பின்னால அல வர்ச்சொல்ல கடசீல ஒரு முறுக்கு வுட்டு, மண்ல ஏத்துவானே, அதானே?” என்றார்.

ஆகவே எனக்குப் புரிந்துவிட்டது. நீ இப்போது விமானத்தில் ஏறுவதே இல்லை. முதல் கடிதத்தைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாய். இரண்டாவதற்குப் புத்தகம் கூடாது என்றதும், தெரிந்த படகுக் கதையை எடுத்து இறக்கை ஒட்டி அனுப்பிவிட்டாய். உன்னை எப்போதோ பறக்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே சும்மா உட்கார்ந்திருக்கிறாய்.

தோற்றுப்போய் வந்தால் சோறு போடுவேன். அதற்காக உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பொய்யோடு வந்தால் என்னால் தாங்க முடியாது. பதினைந்தாம் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் உண்மை வரவில்லை என்றால் எர்ணாவூரில் என் அம்மா வீட்டில் இருப்பேன். அங்கே வந்து கூப்பிடாதே.

நர்மதா


விடுதி
1.2.2025

நர்மு,

உன் கடிதத்தை முதலில் கிழிக்கப் போனேன். பிறகு ‘முறுக்கு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதை நான் எழுதியதே எனக்கு நினைவில்லை.

நேராக மேடத்திடம் போனேன். கேமராவை வையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வைத்தார். நான்கு சுற்று பறந்தோம். ஒவ்வொரு முறையும் நான் த்ராட்டிலை மூடினேன், மூக்கைத் தூக்கினேன், ஒன்றுமே தப்பாகச் செய்யவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். இறங்கி வந்து படத்தைப் போட்டுக் காட்டினார்.

தரை கிட்டே வந்ததும் ஒரு கை த்ராட்டிலை முன்னால் தள்ளுகிறது. தள்ளும்போது மணிக்கட்டு லேசாக முறுக்குகிறது, முறுக்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும். நான்கு முறையும் அப்படியே. வேறு யாருடைய கையோ என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் நீ போட்ட மோதிரம் இருந்தது.

நர்மு, நான் பொய் சொல்லவில்லை. மேடமும் பொய் சொல்லவில்லை. என் கை எனக்குச் சொல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். பொன்ராஜ் மச்சானின் கால் முறிந்த அன்று எஞ்சின் பிடித்தவன் நான். கரை வந்துவிட்டதே என்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த அலை படகைக் குறுக்கே திருப்பி அவர் மேல் கவிழ்த்தது. அதற்குப் பிறகு கரையைக் கண்டால் என் கை இறுகிவிடும். படகில் அதுதான் சரி. இங்கே ஆளைக் கொன்றுவிடும்.

இதை மேடத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “விமல், இங்க பின்னால எதுவும் வரல. காத்திருக்கலாம்” என்றார். அதிலிருந்து இறங்கும்போது வாய்விட்டே சொல்கிறேன், ‘பின்னால அல இல்ல, பின்னால அல இல்ல’ என்று. நேற்று மூன்றில் இரண்டு நன்றாக இறங்கின.

ஜெரினிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், “என்ன பத்தி எதுக்குண்ணே தப்பா நெனச்சீங்க? உங்கள எப்டியாச்சும் பாஸ் பண்ண வைக்கணும்னுதான மேடத்துகிட்ட பேசிட்டு இருந்தேன்” என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டான். உன்னையும் சந்தேகப்பட்டேன். அதற்கு என்ன செய்து சரிக்கட்டுவது என்று தெரியவில்லை.

விமல்


நெட்டுக்குப்பம்
5.2.2025

விமல்,

‘திரு’வை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஆடாதே.

கதை நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருப்பதால்தான் யோசிக்கிறேன். மோதிரம், கேமரா, ஜெரின் கண்ணீர், எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சீல் கொஞ்சம்கூடக் கீறல் இல்லாமல் இருந்தால் நான் இரண்டாவது தடவை திருகிப் பார்ப்பேன்.

பொன்ராஜ் அண்ணனுக்கு இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்தேன். காலைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், “இத்தினி வர்ஷமா இத்த மன்சுல வெச்சிகினு கீறானா? கேனப்பய” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தக் காலைப் பற்றி அவர் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் நீ கேட்டதும் இல்லை.

எந்தத் தேதியில் பறக்கப் போகிறாய் என்று எனக்கு எழுதாதே. தெரிந்தால் அன்று யார்டில் ஒரு வண்டியும் உள்ளே போகாது. முடிந்த பிறகு எழுது. எழுதுவதில் ஒரு பொய் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், ஞாபகம் இருக்கட்டும்.

நர்மதா


விடுதி
12.2.2025

நர்மு,

முடிந்தது. இன்று காலை.

மேடத்தோடு இரண்டு சுற்று பறந்தேன். இரண்டாவது முறை இறங்கியதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பெல்ட்டை இருக்கையில் கட்டி வைத்துவிட்டு, “ஒரே ஒரு சுற்று. போயிட்டு வாங்க” என்றார். கதவைச் சாத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். நான் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ.

ஒரு ஆள் எடை குறைந்ததும் விமானம் குதித்துக் கிளம்பியது. மேலே போன பிறகுதான் பக்கத்தைப் பார்த்தேன். காலி. இத்தனை நாளும் யாராவது ஒருவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, அங்கே பழி போட ஆளே இல்லை. பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. அப்புறம் உன்னைக் கொண்டுவந்து அந்த இருக்கையில் உட்கார வைத்தேன். என் கையையே முறைத்துக்கொண்டு வா என்று சொன்னேன். உனக்கு அது கஷ்டமில்லையே.

கடைசித் திருப்பம். ஓடுபாதை எதிரே. த்ராட்டிலை இழுத்து மூடினேன். தரை வந்தது. கை துடித்ததை இந்த முறை நானே பார்த்தேன். ‘பின்னால அல இல்ல’ என்று கத்தினேன். கை அடங்கியது. மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நான் எதுவும் செய்யாமலேயே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினேன். தனியாகப் பறந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றுவது இங்கே வழக்கம். ஜெரின் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கொட்டினான். மேடம் கை குலுக்கினார்.

இடம் போகாது. எர்ணாவூருக்குப் போகாதே.

விமல்


நெட்டுக்குப்பம்
15.2.2025

மாமா,

உன் கடிதம் இன்று வந்தது. இன்று பதினைந்தாம் தேதி. நம் வீட்டில்தான் இருக்கிறேன்.

இரண்டு தடவை படித்தேன். எஞ்சின் ஓடும்போதே மேடம் இறங்கியது சரி. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தது சரி. விமானம் குதித்துக் கிளம்பியது சரி. மூக்கு கடைசிவரை தூக்கியபடியே இருந்தது, அதுவும் சரி.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாயா? செல்லக்கனி அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார், “நாளைக்கு ஒன் வீட்டுக்காரரத் தனியா விடப்போறாவளாம், ஜெரின் சொன்னான்” என்று. நீ பொய் சொன்னால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். பொன்ராஜ் அண்ணனும் காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். விடிந்ததிலிருந்து வேலிக்கு வெளியே, ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். நீ மேலே இருந்த நேரம் முழுக்க நான் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சட்டை கிழிந்துவிட்டது. நீ இறங்கியதும் அவர், “காத்துகினு இருந்தான் பாரு, நர்மதா. அவுசரப்படல” என்றார்.

உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். உன்னைப் பிடிக்க வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? வெட்கமாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே இறங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சிரிக்கவில்லை, மாமா. இறங்கி, யாரும் பார்க்காத பக்கமாக இறக்கைக்குப் பின்னால் போய், சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாய். தோள் குலுங்கியது. ஜெரின் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே உன் முகம் நனைந்திருந்தது. நீ யாரும் இல்லை என்று நினைத்த பக்கத்தில்தான் வேலி இருந்தது.

இந்த ஒரு பொய்யை விட்டுவிடுகிறேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். எடு.

நர்மு